என்னைப் பற்றி எழுதியவனின் படம்

அந்த ஆளை எனக்குப் பிடிக்காது. உயிரோடு இருந்தபோதும் பிடிக்காது, செத்த பிறகும் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவனைப் பற்றிய படத்தை என் மாடியில் திரையிட்ட பிறகு, எனக்கும் அவனுக்கும் ஏதோ இருந்தது என்று ஓசூரில் ஒரு பேச்சு கிளம்பியது. வயதில் என்னைவிட மூத்தவன்தான். ஆனாலும் மரியாதை போட்டு எழுதக் கை வரவில்லை.

நாலு பக்கத்தில் ஒரு வாரப் பத்திரிகை நடத்தினான். வியாழக்கிழமை காலையில் பேருந்து நிலையத்து டீக்கடைகளில் தொங்கும், மத்தியானத்துக்குள் தீர்ந்துவிடும். வாங்கினேன் என்று ஒருத்தரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் அதில் வந்த சங்கதி எல்லோருக்கும் தெரிந்திருக்கும். எந்த மேனேஜர் யாரோடு ஏற்காட்டில் தங்கினார், எந்த காண்ட்ராக்டர் தொழிலாளிகளின் பி.எஃப். பணத்தில் கை வைத்தார், எந்தக் கல்யாணம் எதனால் நின்றது, எல்லாம் வரும். பெயர் போட மாட்டான். தெரு, கடை, வண்டியின் நிறம் எல்லாம் போட்டுவிடுவான். நல்லதும் கெட்டதும் ஒரே பக்கத்தில், ஒரே எழுத்தில், ஒரே நக்கலில் இருக்கும். விளம்பரம் கொடுத்தால் நம்மை விட்டுவிடுவான் என்று கடைக்காரர்கள் நம்பினார்கள்.

நான் கிருஷ்ணகிரியில் புருஷன் வீட்டை விட்டு, பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த மகளை இழுத்துக்கொண்டு ஓசூருக்கு வந்து, தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் மெஸ் ஆரம்பித்திருந்த நேரம் அது. ஷிஃப்ட் முடிந்து வருகிற பையன்கள்தான் வாடிக்கை. மதுரைப் பையனுக்குக் காரம் போதாது, திருநெல்வேலிப் பையனுக்குத் தேங்காய் போதாது, விழுப்புரத்துப் பையன் எதைப் போட்டாலும் சாப்பிடுவான். புருஷனோடு இருந்த காலத்தில் ஒரு நாள்கூட வராத நிம்மதி, இவர்கள் குறை சொல்வதைக் கேட்டுக்கொண்டே பரிமாறும்போது வந்தது. ஒரு வியாழக்கிழமை அவன் அதிலும் மண்ணள்ளிப் போட்டான்.

புருஷனை விட்டு வந்த ஒருத்தி நடத்தும் மெஸ்ஸுக்கு வயசுப் பையன்கள் இப்படி முண்டியடிக்கிறார்களே, அது குழம்பின் ருசியா, வேறு ருசியா என்று எழுதியிருந்தான். மெஸ்ஸின் பச்சைக் கதவைக்கூட விடாமல் எழுதியிருந்தான். இன்னும் நிறைய இருந்தது. எல்லாம் எனக்கு மனப்பாடம்.

அன்றைக்குப் பந்திக்கு வைத்திருந்த சாம்பாரை வாளியோடு தூக்கிக்கொண்டு ஆட்டோ ஏறினேன். அவனுடைய அச்சகம் தேன்கனிக்கோட்டைச் சாலையில் ஒரு சந்துக்குள் இருந்தது. கட்டுக் கட்டாக அடுக்கி வைத்திருந்த காகிதத்தின் மேல் மொத்த வாளியையும் கவிழ்த்தேன். அவன் கத்துவான், கையை ஓங்குவான், இரண்டில் ஒன்று பார்த்துவிடலாம் என்றுதான் போயிருந்தேன். அவன் நாற்காலியை விட்டு எழுந்திருக்கக்கூட இல்லை. மூக்கை உறிஞ்சி, "முருங்கைக்காயாம்மா?" என்றான்.

அடுத்த வியாழக்கிழமை அதையும் போட்டான். தன் மேல் விழுந்த திட்டை ஒன்று விடாமல் எழுதி, கடைசியில் சாம்பார் நன்றாகத்தான் இருந்தது என்று சான்றிதழ் வேறு. கூட்டம் அதிகமானது. அதற்காகவெல்லாம் நான் அவனை விட்டுவிடவில்லை. ஏனென்றால் முதல் வாரத்துப் பேப்பரை அழகாக மடித்து என் மகளின் டிபன் பாக்ஸில் வைத்திருந்தார்கள், அவள் வகுப்புப் பிள்ளைகள். மத்தியானம் எல்லோரும் சுற்றி நின்று பார்க்க, அவள் மூடியைத் திறந்திருக்கிறாள். அதற்குப் பிறகு மதியச் சாப்பாட்டையே எடுத்துப் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். ஊருக்கே சோறு போடுகிறவளின் பிள்ளை பட்டினியாக இருந்தாள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பிறகு அவன் ஏரியைப் பற்றி எழுதினான். ஊர் ஓரத்தில் சூளகிரிச் சாலையில் இரும்புப் பாகங்களுக்கு முலாம் பூசுகிற பிளேட்டிங் கம்பெனி ஒன்று, அமிலம் கலந்த தண்ணீரை இரவோடு இரவாக ஏரியில் விட்டுக்கொண்டிருந்தது. மீன் செத்து மிதந்தது, மாடுகளுக்கு வாய் வெந்தது. அந்தக் கம்பெனி முதலாளி பொங்கலுக்கு முழுப் பக்க வாழ்த்து விளம்பரம் கொடுத்திருந்தார். அதைப் பின்பக்கத்தில் நன்றாக வாங்கிப் போட்டுக்கொண்டு, முன்பக்கத்தில் முழுசாக ஏரியின் படத்தைப் போட்டான். இந்தத் திமிரை மட்டும் நான் ரசித்தேன் என்று சொல்லிக்கொள்கிறேன்.

அச்சகத்தை உடைத்தார்கள். அவன் கரியைக் கரைத்துச் சுவரில் எழுதிக்கூடப் பத்திரிகை நடத்துவேன் என்று பேருந்து நிலையத்தில் நின்று கத்தினான். உடனே வழக்கு வந்தது. ஏரியைப் பற்றி எழுதினான் என்று யாரும் வழக்குப் போடவில்லை. ஆபாசமாக எழுதுகிறான், பெண்களைக் கேவலப்படுத்துகிறான் என்றுதான் போட்டார்கள். அவனைச் சேலம் சிறைக்குக் கொண்டுபோன அன்று நான் மெஸ்ஸில் பாயசம் வைத்தேன். அதில் எனக்கு இப்போதும் வருத்தம் இல்லை. வெளியே வந்தான், கோர்ட்டுக்கு அலைந்தான், ஈரல் கெட்டுச் செத்தான். அதற்குப் பிறகு ஓசூரில் மேனேஜர்களின் ஏற்காட்டைப் பற்றி யாரும் எழுதவில்லை. ஏரியைப் பற்றியும் யாரும் எழுதவில்லை. இரண்டும் சேர்ந்தே நின்றுபோனதை நான் கவனிக்கவே கொஞ்ச காலம் ஆனது.

படம் எடுத்தது ஒரு பெண். தொழிற்பேட்டையில் குவாலிட்டி செக்கிங்கில் இருந்தவள், என் மெஸ்ஸில் சாப்பிட்டு வளர்ந்தவள் என்றே சொல்லலாம். வீட்டில் தெலுங்கு, வேலையில் தமிழ், கோபம் வந்தால் கன்னடம். வேலையை விட்டுவிட்டு, சேர்த்து வைத்ததையெல்லாம் போட்டு அவன் வாழ்க்கையைப் படமாக எடுக்கப் போகிறேன் என்று வந்து நின்றாள். என்னைப் பற்றி எழுதியதும் படத்தில் வரும் என்றாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் தட்டைப் பிடுங்கிவிடலாமா என்று இருந்தது.

"அந்தாளு பெரிய யோக்கியன்னு காட்டப் போறியா?" என்று கேட்டேன்.

"இல்லக்கா. யோக்கியனா இருந்தா நான் ஏன் எடுக்கறேன்? அவனை உள்ள தள்ளுனதே உங்களை மாதிரி பொம்பளைங்களைப் பத்தி எழுதுனான்னு சொல்லித்தானே. அத விட்டுட்டு எடுத்தா படமே பொய்யாயிடும்."

"ஏரி வருதா?"

"வருதுக்கா."

"அப்ப எடு. ஆனா என்னை ஒழுங்கா காட்டு."

நானாக நடித்தவள் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் அசெம்பிளி லைனில் இருக்கிறவள். ஒல்லிக்குச்சி. அந்த வாளியை அவளால் தூக்கவே முடியாது என்று அப்போதே சொன்னேன். சாம்பாருக்குப் பதில் மஞ்சள் தண்ணீர் கலக்கிக் கவிழ்க்கலாம் என்று யாரோ யோசனை சொல்ல, நான் குறுக்கே விழுந்தேன். என் மெஸ் பெயரில் மஞ்சள் தண்ணீர் வெளியே போகாது. பருப்பு வேகவைத்து, முருங்கைக்காய் போட்டு, தாளித்து, அண்டாவில் அனுப்பினேன். ஒவ்வொரு டேக்குக்கும் ஒரு வாளி. மிச்சத்தைப் படப்பிடிப்புக்கு வந்தவர்கள் சோற்றில் ஊற்றிச் சாப்பிட்டார்கள்.

படம் முடிந்தது. போட இடம் கிடைக்கவில்லை. தியேட்டர்காரர்கள் முதலில் சரி என்றார்கள், அப்புறம் போனை எடுக்கவில்லை. கல்யாண மண்டபத்தில் திடீரென்று பெயிண்ட் அடிக்க ஆரம்பித்தார்கள். கடைசியில் அவள் என் மெஸ் மாடிக்கு வந்தாள். தகரக் கூரை போட்ட பார்ட்டி ஹால். பிறந்தநாள், காதுகுத்து, சங்கக் கூட்டம் எல்லாம் அங்கேதான் நடக்கும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு என்று நாள் குறித்தோம். சாம்பார் அண்டாவுக்கு மேலே சுவரில் நானே எழுதி ஒட்டினேன்.

ஒட்டிய மறுநாளே ஒருவர் வந்தார். அந்தப் பிளேட்டிங் முதலாளியின் தம்பி. இப்போது எங்கள் பகுதிக் குடியிருப்போர் சங்கத்துக்குத் தலைவர். கூட இரண்டு பேர். டீ கொடுத்தேன். குடித்து முடிக்கும் வரை மழையைப் பற்றிப் பேசினார்.

"அக்கா, இது உங்க மானம் சம்பந்தப்பட்ட விஷயம். நாங்க பாத்துக்கினு சும்மா இருக்க முடியாது" என்றார். "ஒரு பொம்பளையப் பத்தி அசிங்கமா வர்ற படம். நீங்க ஒரு புகார் குடுத்தாப் போதும். நாங்களே எழுதி எடுத்தாந்திருக்கோம். கையெழுத்து மட்டும் போடுங்க, மத்தத நாங்க பாத்துக்கறோம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அதற்குப் பின்னாலேயே அழுகையும் வந்தது. அழுகையை அடக்கிக்கொண்டேன்.

"அவன் எழுதுன அன்னிக்கு நீங்க ஓசூர்லதான இருந்தீங்க?"

"இருந்தோம்க்கா."

"படிச்சீங்களா?"

அவர் கூட வந்தவர்களைப் பார்த்தார். "ஊரே படிச்சது. நாங்களும் படிச்சோம்."

"படிச்சிட்டு, யார்ரா அந்தப் பொம்பளன்னு இந்தப் பச்சைக் கதவு வரைக்கும் வந்து எட்டிப் பாத்தீங்க. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அன்னிக்கு என் மானம் இன்னா லீவுலயா இருந்துச்சு? இவ்ளோ வருஷம் கழிச்சு இப்பதான் டூட்டிக்கு வந்துச்சா?"

"இன்னாக்கா இப்படிப் பேசறீங்க?"

"உங்க அண்ணன் கெடுத்த ஏரியை மூடி மறைக்கறதுக்கு என் சேலையக் கேக்கறீங்க. தரமாட்டேன். கெளம்புங்க."

அவர் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். போகும்போது, ஹாலுக்கு லைசென்ஸ் இருக்கிறதா என்று கூட வந்தவரிடம் சத்தமாகக் கேட்டுக்கொண்டே படியிறங்கினார்.

அதற்கப்புறம் ஆளாளுக்கு வந்து ஒரே யோசனையைச் சொன்னார்கள். போலீஸ் ஸ்டேஷனிலிருந்து வந்த எஸ்.ஐ. நல்ல மனிதர்தான், என் வாடிக்கையும்கூட. "ஏன்க்கா வம்பு? ஜூஜுவாடி பார்டர் தாண்டுனா அத்திப்பள்ளி, கர்நாடகா. அங்க ஒரு ஹால் புடிச்சுப் போட்டுக்கோங்க. எங்களுக்கும் தலைவலி இல்ல, உங்களுக்கும் இல்ல" என்றார். சாப்பிட வருகிறவர்களும் அதையே சொன்னார்கள். படம் எடுத்தவளும் அத்திப்பள்ளியில் ஒரு இடம் விசாரித்து வைத்திருந்தாள்.

எங்கள் ஊருக்கு இது பழகிப்போன வழி. இங்கே முடியாததை எல்லாம் அங்கே போய் முடித்துக்கொள்வோம். பெட்ரோல் அங்கே மலிவு என்றால் அங்கே போய் டேங்க் நிரப்புவோம். இங்கே சரக்குக் கடை மூடியிருந்தால் அங்கே. வீட்டுக்குத் தெரியாத கல்யாணம் என்றால் அங்கே. அவர்களும் அப்படித்தான். பெங்களூரில் ஏதோ சண்டையில் தமிழ்ப் படத்தை நிறுத்திவிட்டால், காலைக் காட்சிக்கு அங்கிருந்து வண்டி வண்டியாக ஓசூருக்கு வந்து இறங்குவார்கள். அவர்களுக்கு நான் புளிசோறு கட்டிக் கொடுத்திருக்கிறேன். சண்டை போடத் தேவையே இல்லாத ஊர் எங்களுடையது. எதையாவது தடுத்தார்களா, பஸ் ஏறு. தடுத்தவனுக்கும் ஜெயிச்ச மாதிரி, நமக்கும் நடந்த மாதிரி.

நானும் வாழ்நாள் முழுக்க அப்படி எல்லை தாண்டியவள்தான். ஆனால் இந்தப் படத்துக்கு மட்டும் கால் எழவில்லை. அவன் எழுதியது இந்த ஊரில், படித்தது இந்த ஊரில், சிரித்தது இந்த ஊரில், ஏரி செத்தது இந்த ஊரில். படத்தை மட்டும் எதற்கு அத்திப்பள்ளியில் போய்ப் பார்க்க வேண்டும்? அங்கே இருக்கிறவனுக்கு அது வெறும் கதை. இங்கே இருக்கிறவனுக்குத்தான் வலிக்கும். வலிக்கிற இடத்தில்தான் போட வேண்டும்.

மகள் பெங்களூரில் வேலை பார்க்கிறாள். விஷயம் காதுக்குப் போய், போன் செய்தாள்.

"அம்மா, பார்டர் தாண்டிப் போட்டுட்டா யாருக்கும் பிரச்சனை இல்லல்ல?"

"யாருக்கும் பிரச்சனை இல்லாம போடறதுக்கு எதுக்குடி படம்?"

"அது உன்னைப் பத்தி மட்டுமா எழுதுனது? என் டிபன் பாக்ஸ்லதான வெச்சாங்க? என்னை ஒரு வார்த்தை கேட்டியா நீ?" என்றாள்.

கேட்கவில்லைதான். வேண்டாம் என்று சொல், நிறுத்திவிடுகிறேன் என்றேன். அவள் வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டாள். அன்றைக்கு முழுக்க எந்தக் குழம்பில் உப்புப் போட்டேன், எதில் போடவில்லை என்று எனக்கே தெரியாது. சாப்பிட்டவர்கள் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் படம் எடுத்தவள் லேப்டாப்போடு வந்தாள். முகம் வாடியிருந்தது. "அக்கா, உங்க பகுதியை மட்டும் வெட்டிடட்டுமா? அஞ்சு நிமிஷ வேலைதான். உங்களுக்கும் நிம்மதி, உங்க பொண்ணுக்கும் நிம்மதி. ஏரி அப்படியே இருக்கும்."

ஆசையாகத்தான் இருந்தது. இதைப் பொய்யில்லாமல் சொல்கிறேன். வெட்டிவிடு என்று வாய் வரை வந்தது.

"என்னுதை வெட்டிட்டா, நாளைக்கு அந்தச் சங்கத் தலைவர் வந்து என் அண்ணனுதையும் வெட்டுன்னு கேப்பான். அவனுக்கு இன்னா பதில் சொல்லுவ?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"எனக்குப் புடிக்காததை நான் வெட்டுவேன், அவனுக்குப் புடிக்காததை அவன் வெட்டுவான். கடைசில டைட்டிலும் பாட்டும்தான் மிஞ்சும். வேணாம். முழுசாப் போடு."

சாப்பாடு முடிந்ததும் ஹால் நிரம்பிவிட்டது. ஷிஃப்ட் பையன்கள், அவர்களைக் கட்டிக்கொண்ட பெண்கள், குழந்தைகள், பக்கத்து வீட்டுக்காரர்கள், ஓரமாகச் சாதாரண உடுப்பில் எஸ்.ஐ. தகரக் கூரையின் சூட்டில் எல்லோருக்கும் வேர்த்தது. சங்கத் தலைவரும் வந்திருந்தார். நான்கைந்து ஆட்களோடு முன்வரிசையிலேயே உட்கார்ந்தார். சத்தம் போடத்தான் வந்திருக்கிறார் என்பது தெரிந்தது. பார்க்க வருகிறவர்களை வராதே என்று சொல்ல எனக்கு மனம் இல்லை. படம் ஓடத் தொடங்கிய பிறகு என் மகள் படியேறி வந்தாள். வருவதாகச் சொல்லவே இல்லை. என்னைப் பார்க்காமல், சுவரோரம் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

அவனாக நடித்தவன் நன்றாகவே நடித்தான். அந்த நக்கல், அந்த மூக்கு உறிஞ்சல், எல்லாம் அப்படியே. பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சல் ஏறியது. பிறகு அந்த வியாழக்கிழமை வந்தது. டீக்கடையில் நாலு பேர் சுற்றி நிற்க, ஒருவன் என்னைப் பற்றி எழுதியதை வாய்விட்டு வாசிக்கிறான். முதல் வரி முடிந்ததும் சங்கத் தலைவர் எழுந்தார். கூட வந்தவர்களும் எழுந்தார்கள்.

"நிறுத்துங்க! ஒரு பொம்பளையக் கேவலப்படுத்தற படத்தை இந்த ஏரியாவுல போட விடமாட்டோம்!"

ஹாலில் சலசலப்பு. எஸ்.ஐ. நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். படம் எடுத்தவள் பயந்துபோய் சத்தத்தைக் குறைத்துவிட்டாள். திரையில் வாசிக்கிறவனின் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. என் மெஸ்ஸில் சாப்பிடுகிற அத்தனை முகங்களும் என் பக்கம் திரும்பின. திரும்பின முகங்கள் உடனே மடியைப் பார்த்தன. உடம்பு கூசியது. அப்படியே படியிறங்கி அடுப்படிக்குப் போய்விடலாம் போல இருந்தது.

போகவில்லை. நடுவில் வந்து, புரொஜெக்டர் வெளிச்சம் என் மேலேயே விழ, நின்றேன்.

"அந்தப் பொம்பள நான்தான்" என்றேன். "எனக்குக் கேவலமா இருந்தா நான் சொல்லுவேன். உங்களுக்கு எங்க வலிக்குது? உக்காருங்க."

அவர் உட்காரவில்லை. பின்னாலிருந்து ஒரு பையன், "உக்காருங்க சார், மறைக்குது" என்றான். இன்னொருவனும் சொன்னான். பிறகு நிறையப் பேர் சொன்னார்கள். உட்கார்ந்தார்.

"சத்தத்தை யாரு கொறச்சது? மொதல் வரில இருந்து போடு."

படம் எடுத்தவளின் கை லேப்டாப்பின் மேலேயே நின்றது. அவள் என்னைப் பார்க்கவில்லை, சுவரோரம் என் மகளைப் பார்த்தாள். நானும் அப்போதுதான் திரும்பினேன். என் மகள் கண்ணைத் துடைத்துக்கொள்ளவும் இல்லை, மறைக்கவும் இல்லை. குனிந்து, ஸ்பீக்கரின் குமிழைப் பிடித்து, கடைசி வரைக்கும் திருகினாள்.

படம் எடுத்தவள் பின்னால் ஓட்ட, மறுபடி முதல் வரியிலிருந்து வந்தது. தகரம் அதிர, ஒரு வார்த்தை மிச்சமில்லாமல் வந்தது. கீழே தெருவில் போனவர்களுக்குக்கூடக் கேட்டிருக்கும். நான் நின்றபடியே கேட்டேன். பிறகு ஒல்லிக்குச்சி வாளியைத் தூக்கிக்கொண்டு ஆட்டோ ஏறினாள். குழந்தைகள் கைதட்டினார்கள்.

முன்வரிசையில் சங்கத் தலைவர் எழுந்திருக்கப் பார்த்தார். இரண்டு பக்கமும் ஆட்கள் நெருக்கிக்கொண்டிருந்தார்கள், யாரும் கால் நகர்த்திக் கொடுக்கவில்லை. திரையில் ஏரி வந்தது.